எனக்குத் தெரிந்த பெண்

ஆம்பூர்
24 ஜனவரி 2025

நசீர்,

போன்ல பேசினா வாய்க்கு வந்ததைத் திட்டிடுவேன்னுதான் எழுதுறேன். எழுதுனா கோவம் பாதி அடங்கும்னு வீட்ல அன்னம்மா சொன்னா. அடங்கல. ரெண்டு பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு இதை எழுதுறேன்.

நேத்து சாயங்காலம் சௌந்தர்யா சித்தூர்லேர்ந்து வந்தா. செருப்பைக்கூட கழட்டாம கட்டில்ல உக்காந்துட்டா. "இன்டர்வியூ எப்பிடிம்மா?"ன்னு கேட்டேன். "நசீர் மாமா எழுந்து போய்ட்டாருப்பா"ன்னா. எனக்குப் புரியல. உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லாம போச்சோன்னு பயந்துட்டேன். என் புத்தியைப் பாரு, மொதல்ல உன்னைப் பத்திதான் கவலைப்பட்டுது.

அப்புறம் முழுசா சொன்னா. ரூமுக்குள்ள போறா, வணக்கம் சொல்றா, உக்கார்றா. மேஜைக்கு அந்தப் பக்கம் மூணு பேரு, நடுவுல நீ. நீ தலையைத் தூக்கிப் பாத்தியாம். பேனாவை வெச்சிட்டு எழுந்தியாம். "இந்தப் பெண் எனக்குத் தெரிந்தவர்"னு இங்கிலீஷ்ல பக்கத்துல இருக்கிறவங்க கிட்ட சொல்லிட்டு, அவ மூஞ்சியைக்கூட பாக்காம வெளிய போய்ட்டியாம். அதுக்கப்புறம் அவளை வெளிய கூட்டினு வந்து வராண்டாவுல உக்கார வெச்சாங்களாம். வெளிய இருந்தவங்க எல்லாம் என்னமோ காப்பி அடிச்சு மாட்டினவளைப் பாக்குற மாதிரி பாத்தாங்களாம். மத்தியானம் வேற ரூம்ல விட்டாங்க. அங்க இருந்த மூணு பேரும் அந்தப் பக்கத்து தெலுங்குக்காரங்க. யாருக்கும் தமிழ் தெரியாது. இவ தமிழ்ல பேசுறேன்னு எழுதிக் கொடுத்தவ. ஆபீசுலேர்ந்து ஒரு தம்பியைக் கூட்டினு வந்து மொழிபெயர்க்கச் சொன்னாங்களாம்.

ரெண்டு மாநிலத்துக்கும் சேர்த்து ஒரே தேர்வாணையம், அதுல நம்ம பக்கத்து மெம்பரா உன்னைப் போட்டாங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கு, ஃபேக்டரில என் லைன்ல தைக்கிற அத்தனை பொம்பளைங்களுக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தவன் நான். வாணியம்பாடி காலேஜ்ல என் பக்கத்துல உக்காந்து படிச்சவன்டா அவன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது.

அவளுக்கு இந்த வருஷத்தோட வயசு வரம்பு முடியுது. உனக்குத் தெரியும். பகல்ல ஷூவுல தையல் பாத்து மார்க் பண்ணி, அப்புறம் வீட்டுக்கு வந்து படிச்சு, ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆவணும்னு எத்தனை வருஷமா கெடந்தா, அதுவும் உனக்குத் தெரியும்.

மார்க் போடுன்னு நான் உன்னைக் கேட்டனா? ஒரு வார்த்தை கேட்டிருப்பனா? எழுந்து போற அளவுக்கு இன்னாடா தப்பு பண்ணா அவ?

ஜான்சன்

*

சித்தூர்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜான்சன்,

உன் கடிதம் வந்தது. நான்கு முறை உனக்குப் போன் செய்தேன். நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் போலிருக்கிறது. சரி, எழுதுகிறேன்.

தெரிந்தவர், உறவினர், நண்பரின் பிள்ளை என்று யார் வந்தாலும் உறுப்பினர் அந்த நேர்முகத் தேர்வில் உட்காரக் கூடாது. அது விதி. பதவி ஏற்கும்போது உறுதி கூறிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எங்கள் முன்னால் வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அவள் உள்ளே வந்து உட்காரும் வரை அவள்தான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு வேறு என்ன செய்ய முடியும்? அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று என் ஸ்கூட்டரில்தானே கூட்டிக்கொண்டு போனோம். அவளிடம் "உங்கள் சொந்த ஊர் எது?" என்று தெரியாதவன் போலக் கேட்கச் சொல்கிறாயா?

இங்கே நிலைமை வெளியிலிருந்து பார்க்கிற மாதிரி இல்லை. இரண்டு மாநிலத்தார் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறோம். புதிய ஏற்பாடு. நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு மார்க்கை அள்ளிப் போடுவோம் என்று அவர்களுக்குச் சந்தேகம். அவர்கள் மேல் எங்களுக்கும் அதே சந்தேகம். டீ குடிக்கும்போதுகூட இரண்டு கும்பலாகத்தான் நிற்கிறோம். அந்த இடத்தில் நான் கொஞ்சம் வளைந்தாலும் மொத்தமும் கெட்டுப்போகும். அன்று நான் எழுந்ததைப் பார்த்துத்தான், அந்தப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் முதல் முறையாக என்னிடம் கை கொடுத்தார். ஆணையத்தின் தலைவரும் பாராட்டினார்.

நான் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். சௌந்தர்யாவின் முகத்தைப் பார்க்காமல் போனது சரி என்று சொல்ல மாட்டேன். பார்த்திருந்தால் கால் நகர்ந்திருக்காது.

இன்னொன்றும் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். இப்போது வேண்டாம். முடிவு வரட்டும். நன்றாகத்தான் வரும்.

அன்னம்மாவைக் கேட்டதாகச் சொல்.

நசீர் அகமது

*

ஆம்பூர்
6 ஏப்ரல் 2025

நசீர்,

முடிவு வந்தது உனக்குத் தெரியும். எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். ஆறு இடம். இவ ஏழாவது. ஆறாவதா வந்த பொண்ணு பலமனேர் பக்கம், பேரு சானியா. எழுத்துத் தேர்வுல அந்தப் பொண்ணைவிட இவ ஜாஸ்தி. இன்டர்வியூலதான் இறங்கிட்டா.

அந்தப் பொண்ணு மேல சௌந்தர்யாவுக்கு ஒண்ணும் கோவம் இல்ல. வராண்டாவுல இவ அழுதுனு இருந்தப்ப தண்ணி பாட்டிலைக் கொடுத்துப் பக்கத்துல உக்காந்தது அதுதானாம். அன்னைக்கே போன் நம்பர் வாங்கி வெச்சிருக்கா. முடிவு வந்ததும் அதுக்கு வாழ்த்து அனுப்பினா. அதைப் பாத்து அன்னம்மா அழுதா.

இன்டர்வியூல இன்னா கேட்டாங்கன்னு இப்பதான் சொல்றா. "ஒரு ஃபேக்டரில தீ பிடிச்சா தப்பிக்கிற வழியைப் பூட்டி வெச்சிருக்காங்க. மூடச் சொன்னா ஆயிரம் பொம்பளைங்களுக்கு வேலை போகும். நீ இன்னா பண்ணுவ?"ன்னு கேட்டாங்களாம். இவளுக்குத் தெரியாததா? அந்த மாதிரி ஹால்லதானே பத்து வருஷமா நிக்கிறா. "வேலையை நிறுத்தாம மொதல்ல பூட்டை எடுக்க வைப்பேன், சாவி யாருகிட்ட இருக்குதுன்னு எழுதி வாங்குவேன், அடுத்த வாரம் சொல்லாம திரும்பப் போய்ப் பாப்பேன், மறுபடி பூட்டியிருந்தா முதலாளி பேர்ல கேஸ் போடுவேன், தைக்கிறவங்க கூலி போகாத மாதிரி பாப்பேன்"னு மூச்சு விடாம சொல்லியிருக்கா. அந்தத் தம்பி பயந்துனு, "ஷி வில் ஓபன் தி டோர்"னு முடிச்சிட்டானாம். மூணு பேரும் சிரிச்சாங்களாம்.

நான் ஒண்ணு சொல்லணும். அவ இங்கிலீஷ்லயே பேசிடலாம்னு இருந்தா. நல்லாத்தான் பேசுவா, கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பேசிப் பழகியிருந்தா. நான்தான் விடல. "நம்ம நசீர் மாமா மாதிரி ஆளுங்கதான் உக்காந்திருப்பாங்க, தமிழ்ல உள்ளதைச் சொல்லு, அவங்களுக்குப் புரியும்"னு சொல்லி அப்ளிகேஷன்ல தமிழ்னு போட வெச்சேன். வேணாம்பான்னு ரெண்டு தடவை சொன்னா. இப்ப அவ அதைச் சொல்லிக்கூட காட்டல. அதுதான் தாங்கல.

ரம்ஜான் அன்னைக்கு உன் வீட்லேர்ந்து பாபி வந்திருந்தாங்க, உனக்குச் சொல்லியிருப்பாங்க. எப்பவும் போல தூக்குல பாயசம் எடுத்துனு வந்தாங்க. நான் "வேணாம், எடுத்துனு போங்க"ன்னு சொல்லிட்டேன். குர்ஷித் பாபி அப்படியே ஆட்டோவுல ஏறிட்டாங்க. அன்னம்மா ரெண்டு நாள் எங்கிட்ட பேசல. நீ பண்ணதுக்கு பாபி இன்னா பண்ணுவாங்கன்னு கேட்டா. எனக்கும் தெரியும். வாய்ல வந்துடுச்சு.

பாபிகிட்ட மட்டும் நான் வருத்தப்பட்டேன்னு சொல்லு. உங்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.

ஜான்சன்

*

சித்தூர்
15 ஏப்ரல் 2025

ஜான்சன்,

குர்ஷித் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. தூக்கு அப்படியே திரும்பி வந்ததைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

ஆணையத்துக்கு ஒரு பெயரில்லாத பெட்டிஷன் வந்திருக்கிறது. நான் என் மதத்துப் பெண்ணுக்கு இடம் பிடிப்பதற்காக, நன்றாகப் படித்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணை அறையிலிருந்து வெளியே துரத்தினேன் என்று எழுதியிருக்கிறார்கள். ஆம்பூர்த் தபால் முத்திரை. அதற்கு முன்பே அது வாட்ஸ்அப்பில் சுற்றியிருக்கிறது. வாணியம்பாடியில் என் வீட்டுக்கு யார் யாரோ போன் செய்கிறார்கள். குர்ஷித் இப்போது போனை எடுப்பதில்லை. அந்த சானியா என்ற பெண்ணை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவளைக் கேள்வி கேட்டது நான் இல்லாத குழு.

மே மாதம் விசாரணை. பொய்ப் புகார்தான். எழுந்து நின்று "நான் குற்றமற்றவன்" என்று சொன்னால் போதும் என்கிறார் தலைவர். எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. ஏன் என்று உனக்கு எழுத வேண்டியதைத்தான் பிப்ரவரியில் விட்டேன்.

டிசம்பரில் நீ எனக்குப் போன் செய்தாயே, "நம்ம சௌந்தர்யாவுக்கு இன்டர்வியூ வந்துடுச்சுடா" என்று. நான் உடனே, "இனிமேல் இது முடியும் வரை எனக்குப் போன் பண்ணாதே" என்று வைத்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே நான் செயலாளரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி வருகிறாள் என்று. சொல்லியிருந்தால் என்னை நீக்கிவிட்டு, தமிழ் தெரிந்த வேறொருவரை என் நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். அவள் சொன்னது அத்தனையும் அவர் காதில் தமிழிலேயே விழுந்திருக்கும்.

நான் சொல்லவில்லை. சொன்னால் இந்த முறை நேர்முகத் தேர்வு முழுவதிலிருந்தும் விலக்கிவிடுவார்கள். எனக்கு இது முதல் வருடம். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்த நாற்காலி கிடைத்திருந்தது, ஜான்சன். கார் வரும், ஆட்கள் எழுந்து நிற்பார்கள். நான் உட்காராத நாளில் அவளைக் கூப்பிடுவார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். கடைசியில் அவள் வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் எழுந்ததோடு என் குழு கலைந்தது. அன்று அழைத்தவர்களை அன்றே முடிக்க வேண்டும் என்பதால், தமிழில் பேச வந்த மற்ற நான்கு பேரையும் அதே மொழிபெயர்ப்பாளரிடம் தள்ளினார்கள். அதற்குத்தான் என்னைப் பாராட்டினார்கள். நானும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். உனக்கு எழுதியும் காட்டினேன்.

இப்போது நீ என்னைத் திட்டு.

நசீர்

*

ஆம்பூர்
27 ஏப்ரல் 2025

நசீர்,

திட்டலாம்னுதான் உக்காந்தேன். உன் கடுதாசியைப் படிச்சதும் எனக்கு உள்ள எரிஞ்சது நெசம். நான் சந்தோஷமா பண்ண போனையே நீ அப்பிடி வெச்சிட்டியேன்னு அன்னைக்கே ஒரு மாதிரி இருந்துது. ஆனா திட்டுற யோக்யதை எனக்கு இல்லாம போச்சு.

அந்தப் பெட்டிஷனை நான் எழுதல. என் பொண்ணு மேல சத்தியமா எழுதல. ஆனா அது எங்க ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியும்.

முடிவு வந்த மறுநாள், ஃபேக்டரி கேன்டீன்ல சாப்ட்டுனு இருந்தோம். பேக்கிங்ல இருக்கிற ஒருத்தன் கேட்டான், "இன்னா சூப்பர்வைசரே, உன் தோஸ்த்து அவங்க ஆளுக்குக் கொடுத்துட்டு உன் பொண்ணைத் தள்ளிட்டானாமே?"ன்னு. அது பொய்னு எனக்குத் தெரியும்டா. உன்னை எனக்குத் தெரியாதா? "வாயை மூடு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிருக்கும். நான் சொல்லல. சோத்தைப் பெசஞ்சுனே இருந்தேன். அவன் மறுபடி கேட்டான். நான் ஒரு பெருமூச்சு விட்டேன். அவ்ளோதான் பண்ணேன். அந்தப் பெருமூச்சு போதுமா இருந்துது அவங்களுக்கு. சாயங்காலம் ஷிப்ட் விடுறப்ப அத்தனை பேர் போன்லயும் அது இருந்துது. என் போனுக்கும் வந்துது. படிச்சேன். அப்பவும் ஒண்ணும் சொல்லல. உனக்கு வலிக்கட்டும்னு இருந்துது, மறைக்கல.

கட்டிங் செக்‌ஷன்ல மஹபூப் பாஷா இருக்காரு, உனக்குத் தெரியும், உன் மச்சானோட படிச்சவரு. இருபது வருஷமா ஒரே மேஜையில சாப்பிடுறோம். அன்னைக்குப் பக்கத்துலதான் இருந்தாரு. டிபன் பாக்ஸை மூடிட்டு, "ஜான்சன் பாய், நீங்க ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு பாத்தேன்"னு சொல்லிட்டு எழுந்து போனாரு. இப்ப வேற மேஜையில சாப்பிடுறாரு. சலாம் சொன்னா பதில் சொல்றாரு, நிக்கிறதில்ல.

உன் கடுதாசியை சௌந்தர்யாகிட்ட காட்டினேன். கேன்டீன் விஷயத்தையும் சொல்லிட்டேன். கடுதாசியை மடிச்சு என் கையில கொடுத்தா. அப்புறம் கேட்டா, "தமிழ்னு போட்டது நீ. சொல்லாம இருந்தது மாமா. வாயை மூடினு இருந்தது மறுபடி நீ. இதுல நான் எங்கப்பா இருக்கேன்? என்னை யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னு. அவ குரலை ஒசத்தல. ஒசத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மத்த நாலு பேரையும் தேடிப் புடிச்சிட்டா. குடியாத்தம் வேலுன்னு ஒரு பையன், ஜோலார்பேட்டையில ரயில்வேக்காரர் பொண்ணு ஒண்ணு, இன்னும் ரெண்டு பேரு. அஞ்சு பேரும் சேர்ந்து மனு கொடுக்கப் போறாங்க. தனக்கு மட்டும் மறுபடி வெக்கச் சொல்லிக் கேக்க மாட்டாளாம். தேறினவங்க யாரையும் எடுக்கக் கூடாது, ஆறு பேர்ல யாரோ ஒருத்தர் வேலையில சேரலையாம், அடுத்த ஆளுக்கு அப்படியே கொடுக்குற வழக்கம் அங்க கெடையாதாம், அந்த இடத்துக்கு எங்களை மறுபடி கேளுங்கன்னு எழுதியிருக்கா. சானியாவுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டா.

விசாரணைக்கு நான் வர்றேன். கூப்பிட்டாலும் கூப்பிடாட்டியும் வர்றேன்.

ஜான்சன்

*

வாணியம்பாடி
8 ஜூன் 2025

ஜான்சன்,

விசாரணை அன்று வராண்டாவில் நாம் பேசிக்கொள்ளவில்லை. நீ சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாய். நானும் உன் பக்கம் வரவில்லை. வந்தால் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு வந்தோம் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயம். அந்த நேரத்திலும் என் பெயரைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன், பார்.

நீ உள்ளே பேசியதை நான் மறக்க முடியாது. இரண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்திருக்க, நீ சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னாய்: "இந்த ஆளு என் தோஸ்த். மதத்துக்காக என் பொண்ணைத் தள்ளினான்னு சொல்றது பச்சைப் பொய். பொய்னு தெரிஞ்சும் நான் வாயை மூடினு இருந்தேன், அதனாலதான் அது ஊரைச் சுத்துச்சு. அதுக்கு இன்னா தண்டனையோ எனக்குக் கொடுங்க. ஆனா அவன் என் பொண்ணுக்குப் பண்ணதும் சரி இல்ல. அவன் எழுந்தது கௌரவத்துக்காக."

அந்த மொழிபெயர்க்கிற தம்பி உன் பேச்சு முழுவதையும் ஓரளவு ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். கடைசி வார்த்தை வந்ததும் "ஹானர்" என்றான். நான் மானத்துக்காக, நேர்மைக்காக எழுந்தேன் என்று நீ சொன்னதாக ஆகிவிட்டது. அந்தப் பக்கத்து உறுப்பினர் இருவரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் என்னைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்தார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். கேன்டீனில் நீ உட்கார்ந்திருந்தது எப்படி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். எவ்வளவு சுலபம்!

"அவர் சொன்னது ஹானர் இல்லை, வேனிட்டி" என்று, வீண் ஜம்பம்தான் என்று, நானே சொன்னேன். பிறகு டிசம்பர் மாதத்து விஷயம் முழுவதையும் சொன்னேன். கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்றார் தலைவர். ஆமாம் என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

மதப் புகார் பொய் என்று முடித்துவிட்டார்கள். நான் தாமதமாகச் சொன்னது தவறு என்று எழுதினார்கள். ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு மறுநாளே வாணியம்பாடிக்கு வந்துவிட்டேன். குர்ஷித் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். சோறு போட்டாள்.

ஐந்து பேரின் மனுவையும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. இவர்களுக்கு மறுபடி என்றால் எங்கள் பிள்ளைகளிலும் தமிழ்க் குழுவிடம் தெலுங்கில் பேசித் திணறியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன நியாயம் என்று கேட்டார்கள். கேட்டது சரிதானே. கடைசியில் இரண்டு பக்கமும் மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசிய எல்லோரையும் அவரவர் மொழி தெரிந்தவர்களே மறுபடி கேட்பது என்று முடிவாகியிருக்கிறது. வயது வரம்பும் தடையில்லை என்று எழுதிவிட்டார்கள். ஆகஸ்டில் இருக்கும். நான் அந்தக் கட்டடத்துப் பக்கமே போக மாட்டேன்.

அவள் ஜெயிப்பாள். எனக்குத் தெரியும்.

நசீர்

*

ஆம்பூர்
21 செப்டம்பர் 2025

நசீர்,

நேத்து முடிவு போட்டாங்க. அந்த ஒரு இடம் குடியாத்தம் வேலுவுக்குப் போச்சு. சௌந்தர்யாவுக்கு இல்ல.

இதைக் கேளு. போன தடவை வாங்கினதைவிட இந்தத் தடவை மார்க் கம்மி. நான் மறுபடி மறுபடி பாத்தேன், தப்பா போட்டுட்டாங்களோன்னு. அவதான் போனைப் புடுங்கி வெச்சிட்டு, "விடுப்பா, சரியாத்தான் போட்டிருக்காங்க"ன்னா.

மூணு பேருமே தமிழ் நல்லா தெரிஞ்சவங்களாம். ஒரு அம்மா நடுவுல உக்காந்திருந்தாங்களாம், மரியாதையாத்தான் பேசினாங்களாம். தோல் பதனிடுற எடத்துல கழிவுத் தொட்டிக்குள்ள ஆளை இறக்குறதைப் பத்திக் கேட்டிருக்காங்க. எறங்குறதுக்கு முன்னாடி இன்னா இன்னா பாக்கணும், சட்டம் இன்னா சொல்லுதுன்னு. இவ ஷூ ஃபேக்டரியைத் தெரிஞ்சவ, தொட்டி இவளுக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். ஏதோ யோசிச்சு, மூக்குல துணி கட்டி இறக்கலாம்னு சொல்லிட்டா. அந்த அம்மா, "அப்படி இறக்கினால் அந்த ஆள் செத்துப்போவாரே அம்மா"ன்னு சொன்னாங்களாம். வேலு அதுக்குக் கரெக்டா பதில் சொல்லியிருக்கான். அவங்க சித்தப்பா அந்த மாதிரி தொட்டியில விஷவாயு அடிச்சுச் செத்தவராம்.

"நான் பேசினது முழுசா அவங்களுக்குப் புரிஞ்சுதுப்பா. புரிஞ்சுதான் கம்மியா போட்டாங்க. அது எனக்குப் போதும்"னு சொல்றா. நெசமாத்தான் சொல்றா. நேத்து நல்லா சாப்ட்டா. இன்னைக்குக் காலையில வேலுவுக்கு வாழ்த்து சொல்ல குடியாத்தத்துக்கு பஸ் ஏறிப் போயிட்டா. ஜனவரிலேர்ந்து அவ முகத்துல இருந்த இறுக்கம் இப்ப இல்ல.

எனக்குத்தான் ஒண்ணும் புரியல. ஜனவரில நீ சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தா, அவ சொன்ன பூட்டு சாவிப் பதிலைத் தமிழ் தெரிஞ்சவங்க கேட்டிருந்தா, அன்னைக்கே வேலை கெடச்சிருக்கும்னு ஒரு மனசு சொல்லுது. அன்னைக்கும் தொட்டியைப் பத்திக் கேட்டிருந்தா? யாருக்குத் தெரியும்? நான் இங்கிலீஷ்ல பேசுன்னு விட்டிருந்தா? அதுவும் தெரியாது. தெரிஞ்சா ஒண்ணு உன் மேல போட்டுட்டுத் தூங்கலாம், இல்ல என் மேல போட்டுனு அழலாம். ரெண்டும் முடியல. உனக்கு வேலையும் போச்சு.

மஹபூப் பாஷா நேத்து வந்து என் மேஜையில உக்காந்தாரு. ஊறுகாயை மட்டும் என் பக்கம் தள்ளினாரு. தொட்டுனு சாப்ட்டேன்.

உன் நம்பரைத் திறந்து விட்டுட்டேன். ஆனாலும் பேச ஆரம்பிச்சா இன்னா சொல்றதுன்னு தெரியல, அதான் எழுதுறேன்.

ஜான்சன்

*

வாணியம்பாடி
25 செப்டம்பர் 2025

ஜான்சன்,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. உண்மையைச் சொல்கிறேன். அவள் தேறிவிடுவாள், அதோடு என் கணக்கும் தீர்ந்துவிடும் என்று இருந்தேன். நான் பதவியை விட்டேன், அவளுக்கு வேலை கிடைத்தது, சரியாகிவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பிவிடலாம் என்று. அவள் தேறவில்லை என்று படித்ததும் முதலில் வந்தது அவளுக்கான வருத்தம்கூட இல்லை. எனக்கு இனி விடுதலை இல்லையே என்ற வருத்தம். அதைக் கண்டுகொண்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

அவள் தேறியிருந்தாலும் நான் செய்தது அதே அளவுதான். தேறாததால் அது கூடவும் இல்லை. இதை ஒத்துக்கொள்ள எனக்கு இவ்வளவு மாதம் ஆகியிருக்கிறது.

நீ இதுவரை எனக்கு எழுதியதையும் நான் உனக்கு எழுதியதில் நினைவிருந்ததையும் வைத்து யோசித்துக்கொண்டிருந்தேன். குர்ஷித் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஜான்சன் பாய்க்கே எழுதிக்கிட்டு இருக்கீங்களே, அந்தப் பொண்ணுக்கு என்ன எழுதினீங்க?" என்று கேட்டாள்.

ஒன்றும் எழுதவில்லை, ஜான்சன். ஜனவரியிலிருந்து ஒரு வரிகூட எழுதவில்லை. தப்பு செய்தது மகளுக்கு. விளக்கம் சொன்னது, கெஞ்சியது, குற்றத்தை ஒத்துக்கொண்டது எல்லாம் அப்பனிடம். விசாரணையில் தலைவரிடம் சொன்னேன், எதிர்ப் பக்கத்து உறுப்பினர்களிடம் சொன்னேன். நாற்காலியிலிருந்து எழுந்த அன்று அவள் முகத்தைப் பார்க்காமல் போனவன், இன்று வரை பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சர்ச்சிலிருந்து திரும்பும் நேரத்துக்கு வருகிறேன். நீ சமாதானம் பேச வேண்டாம். அன்னம்மாவும் வேண்டாம். நான் வருகிறேன் என்று இது கிடைத்த அன்றே அவளிடம் சொல்லிவிடு. பார்க்க விருப்பமில்லை என்று அவள் சொன்னால் எனக்குப் போன் செய், வரமாட்டேன். நான் வரலாமா என்று அவளைக் கேள்.

நசீர்